பிக்கப், இரண்டு பேர்

என் பிரிய மச்சான் ஜமாலுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் வண்டி டெக்சாஸுக்கு, நம் ரவுண்ட் ராக் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. டெலிவரியில் வரவில்லை. நாங்களே போய்த்தான் எடுத்து வந்தோம். இதைக் கேட்டதும் ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, "வந்தியாடா வழிக்கு?" என்று கேட்பாய். வந்துவிட்டேன் மச்சான். கொஞ்சம் லேட்டாக வந்தேன்.

நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி என்று உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. உனக்கு என்று எழுதினால் ஓடுகிறது. மற்றவர்களும் படிப்பார்கள், படிக்கட்டும். அவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிட் கார் என்றால் செய்து முடித்த கார் இல்லை. அடிச்சட்டம், அதன்மேல் ஃபைபர் உடம்பு, மற்ற எல்லாம் பெட்டி பெட்டியாக. வாங்கியவன் தன் கராஜில் வைத்து மாதக்கணக்கில் பூட்ட வேண்டும், இன்ஜினைத் தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். என் மனைவி ரீட்டாவுக்கு நீ விளக்கியது இன்னும் சுலபம்: "புளியோதரைப் பொடி மாதிரி தங்கச்சி. பொடி அவன் குடுப்பான். சோறு நாமதான் வடிக்கணும்."

வண்டி பூட்டுவதில் நமக்குள் சண்டை இல்லை. சண்டை எல்லாம் அதை வீட்டுக்குக் கொண்டுவருவதில்தான். தொழிற்சாலை இண்டியானாவில், இரண்டு நாள் தூரத்தில் இருக்கிறது. லாரியில் அனுப்பச் சொன்னால் வாசலில் இறக்கிவிட்டுப் போவான். நீயோ, நாமே ட்ரெய்லர் கட்டிப் போய் எடுத்து வர வேண்டும் என்றாய். "கட்டிக்கிட்ட பொண்ணை யாராச்சும் பார்சல்ல வரவழைப்பாங்களா?" என்று கேட்டாய். "கார் பொண்ணு இல்லடா, கார்" என்றேன். ஐந்து வருடமாக இதே பேச்சுதான், டீ மட்டும் மாறும்.

உனக்கு எதையும் போய் அழைத்து வர வேண்டும். இந்த ஊருக்கு நான் முதன்முதலில் வந்து இறங்கிய அன்று, எல்லோரும் வெளியே காரில் காத்திருக்க, நீ மட்டும் விமான நிலையத்துக்குள் பெட்டிகள் சுற்றும் இடத்திலேயே ஃபிளாஸ்க்கோடு நின்றாய். கட்டிப் பிடிக்கவில்லை, நலம் விசாரிக்கவில்லை. மூடியில் டீயை ஊற்றி நீட்டிவிட்டு, "எந்தப் பெட்டிடா உன்னுது?" என்றாய். அதன்பிறகு இந்த வட்டாரத்தில் எத்தனை மாமியார், எத்தனை அப்பாக்கள், எத்தனை புது மாணவர்கள் அந்த ஃபிளாஸ்க் டீயைக் குடித்திருப்பார்கள்? பாதிப் பேரை உனக்கு முன்பின் தெரியாது.

நான் நேர் எதிர். கறிவேப்பிலை, தோசை மாவு, சட்டை, மருந்து, எல்லாம் வாசலுக்கு வந்துவிட வேண்டும். "உன் வீட்டு வாசலுக்கு உன்னைத் தவிர எல்லாம் டெலிவரி ஆகுது" என்று நீ சொன்னதை ரீட்டா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

கல்லூரி நாளிலேயே நீ அப்படித்தான். உன் அண்ணன் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் பழைய ஸ்கூட்டர் ஒன்றை அனுப்பினார். நாளைக்கு ஆள் வைத்து வீட்டுக்கே கொண்டுவரலாம் என்று உன் அத்தா சொன்னார். நீ கேட்கவில்லை, என்னையும் இழுத்துக்கொண்டு திருச்சி ஜங்ஷனுக்குப் போனாய். சாக்கையும் வைக்கோலையும் பிரித்து, துடைத்து, உதைத்தால் வண்டி இருமக்கூட இல்லை. பார்சலில் ஏற்றும்போது பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிடுவார்கள் என்பது இரண்டு இன்ஜினியரிங் மூளைக்கும் தோன்றவில்லை. நம் இருவர் பையிலும் காலணா இல்லை. பாலக்கரையில் உன் வீடு வரை தள்ளினோம். நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். நீ, "ஓட்டிட்டு வந்திருந்தா யாருக்குத் தெரியும்? இப்ப தெருவே பார்க்குது பாரு" என்று ராஜா மாதிரி ஹேண்டில்பாரைப் பிடித்து நடந்தாய்.

போன வருடம் ஒரு ஞாயிறு மதியம் உன் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆர்டர் படிவத்தை நிரப்பினோம். நிறம், சீட், ஸ்டியரிங் எல்லாம் முடிந்து கடைசிக் கேள்வி வந்தது. டெலிவரியா, பிக்கப்பா? நீ மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய்.

"நீ வர்றேன்னு சொல்லு, பிக்கப்னு போடுறேன். தனியா போக மனசு இல்ல மச்சான்."

"ஆபீஸ்ல ரிலீஸ் இருக்குடா. முதுகு வேற. நாலு நாள் டிரைவ் பண்ணி எதுக்கு? பேசாம டெலிவரி போடு."

நீ டெலிவரியை அழுத்தினாய். பிறகு டீ போட எழுந்து போனாய். அந்த ரிலீஸ் என்ன ரிலீஸ் என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. நீ எழுந்து போனதுதான் ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் என் தங்கை மகன் கல்யாணத்துக்கு நான் திருச்சி கிளம்பினேன். வழக்கம்போல் நீதான் விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டாய். "திரும்பி வரும்போது ரீட்டாவை அலைய விடாத. நான் வர்றேன்" என்றாய். கல்யாணம் முடிந்த மறுநாள் ரீட்டா போன் செய்தாள். நீ காலையில் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாயாம். உன் மனைவி ஷமீமா வெளியே வந்து பார்க்கும்போது தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

எந்த விமானத்தைப் பிடித்தாலும் நான் வந்து சேர முடியாது. மறுநாள் நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். கல்யாண வீட்டு மாடியில், காய்ந்த மாவிலைத் தோரணத்துக்குக் கீழே உட்கார்ந்து, உன் ஜனாஸா ஊர்வலத்தை உள்ளங்கை அளவு திரையில் பார்த்தேன். தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். ஒருவர் விலக இன்னொருவர் ஓடிவந்து தோள் கொடுத்தார். அதில் என் தோள் இல்லை. எல்லாவற்றையும் இருந்த இடத்துக்கே வரவழைப்பவனுக்கு அதுவும் இருந்த இடத்துக்கே வந்தது. அந்த நிமிடம் என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆஸ்டினில் இறங்கியதும், பெட்டிகள் சுற்றும் இடத்தில் பழக்கத்தில் ஃபிளாஸ்க்கைத் தேடினேன். ரீட்டா வெளியே காரில் இருந்தாள்.

ஷமீமா இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம். வாரா வாரம் ரீட்டா சமைத்ததைக் கொண்டுபோய், வாசலில் உன் மகள் நஸ்ரின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். நல்ல வேலைதான் எனக்கு, டெலிவரி வேலை.

இத்தா முடிந்த சில வாரத்தில் தொழிற்சாலையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் வண்டி தயார், ஏற்பாடுகளுக்கு அழைக்கவும் என்று. ஷமீமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். உன் நாற்காலியில் யாரும் உட்காராமல் நாங்கள் மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றி இருந்தோம்.

"கேன்சல் பண்ணிடுங்கண்ணே" என்றாள். "அன்னைக்கு ஆம்புலன்ஸ் வந்து நின்ன இடத்துல இன்னொரு பெரிய வண்டி வந்து நிக்கிறத என்னால பார்க்க முடியாது. அவரே இல்ல. அந்தச் சாமான வச்சி நான் என்ன பண்றது?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சரிம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். நஸ்ரின் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "லெட்ஸ் நாட் கேன்சல். லெட்ஸ் கோ கெட் இட்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, வில் யூ கம்?" என்றாள்.

ஊரில் இருக்கிற எல்லோரையும் அங்கிள் என்று கூப்பிடும் பிள்ளை என்னை மட்டும் மாமா என்று கூப்பிடுவதற்கு நீதான் காரணம். "அங்கிளுக்கா பஞ்சம்? மாமன் ஒருத்தன்தான்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினாய். ஒரே கேள்வியை அப்பன் கேட்டபோது முதுகு வலி என்றேன். மகள் கேட்டபோது வருகிறேன் என்றேன். ஷமீமா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்க வேண்டாம். உங்க கராஜ்ல வச்சுக்கங்க" என்ற ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

தொழிற்சாலைக்குப் போன் செய்து, டெலிவரி வேண்டாம், நாங்களே வருகிறோம் என்றேன். "யெஸ், தட்ஸ் வாட் வி ஹாவ்" என்றாள் அந்தப் பெண். பரவாயில்லை, வேகமாக எழுதிக்கொள்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் வீர சாகசம். ஆபீஸ் நண்பர் ஒருவரின் டிரக்கை இரவல் வாங்கி, ட்ரெய்லர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சனிக்கிழமை காலை ஒரு பள்ளிக்கூடத்துக் காலி பார்க்கிங்கில் ரிவர்ஸ் பழகினேன். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் இடது பக்கம் போகிறது. இருபத்தைந்து வருடம் ஓட்டிய கை இது, கேட்கவே மாட்டேன் என்கிறது. நஸ்ரின் பின்னால் நின்று, "அதர் வே, மாமா! அதர் அதர் வே!" என்று கத்தினாள். ஒரு குப்பைத் தொட்டி உயிர்விட்டது. நீ இருந்திருந்தால் அதைப் படம் எடுத்து எல்லா வாட்ஸாப் குழுவிலும் போட்டிருப்பாய்.

ஒரு வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ரீட்டா புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுத்தாள். ஷமீமா எங்கள் வீட்டுக்கு வரவில்லை, உன் ஃபிளாஸ்க்கை மட்டும் நஸ்ரினிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். நஸ்ரின் மெதுவாக பிஸ்மில்லா சொன்னாள், நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஆர்கன்சாவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நான் டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தபோது, "டெல் மீ சம்திங் அத்தா வுடன்ட் டெல் மீ" என்றாள். ஸ்கூட்டர் தள்ளிய கதையைச் சொன்னேன். பாதியில் சிரிக்க ஆரம்பித்தவள் அழுதாள், பிறகு பெட்ரோலை எதற்கு வடிக்கிறார்கள் என்று கேட்டாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

தொழிற்சாலை ஒன்றும் பிரமாதமான இடம் இல்லை மச்சான். சோள வயலுக்கு நடுவில் தகரக் கொட்டகை, அவ்வளவுதான். ஆனால் உள்ளே போனதும் நீ ஏன் வர வேண்டும் என்றாய் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நீலத் துணி போர்த்தி உன் வண்டி நின்றது. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் 'ஜமால்', 'ஜமால்', 'ஜமால்'. நஸ்ரின் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக்கொண்டே போனாள். லாரியில் வந்திருந்தால் இதை ஒருவன் பத்து நிமிடத்தில் இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் கையில் தாளோடு வந்தார். நஸ்ரின் தன்னை மகள் என்று சொல்லி, விஷயத்தையும் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு தாளைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஸோ யூ மஸ்ட் பி த பிரதர்-இன்-லா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தேன். டெலிவரி என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: பிக்கப். இரண்டு பேர். ஜமாலும் பிரதர்-இன்-லாவும்.

ஆர்டர் போட்டு மூன்று வாரத்தில் நீ போன் செய்து மாற்றச் சொன்னாயாம். கூட யார் வருகிறார்கள் என்று அவர் கேட்டபோது இதைத்தான் சொன்னாயாம். "அவன் வரமாட்டேன்னு சொல்றான், ஆனா வருவான்" என்றும் சொல்லிச் சிரித்தாயாம்.

எப்படிடா? நான் உன் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்ன பிறகு, எந்தத் தைரியத்தில் இரண்டு பேர் என்று எழுத வைத்தாய்? விமான நிலையத்தில் விடும்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ட்ரெய்லர் கயிற்றைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு டயர் மறைவில் நன்றாக அழுதேன். தாடிக்காரர் வந்து, கயிற்றை உண்மையிலேயே சரிபார்த்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும் வழி முழுக்க நாற்பத்தைந்து மைலுக்கு மேல் ஓட்டவில்லை. பின்னால் வந்த டெக்சாஸ்காரர்கள் வாழ்த்தியதை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்ததும் என் புத்தியைக் காட்டினேன். பெட்டிகள் இடத்தை அடைக்கிறதே என்று, நஸ்ரின் இல்லாத ஒரு நாள் உள்ளே இருந்த எல்லாப் பையையும் பிரித்தேன். திருகு, நட்டு, வாஷர் அத்தனையையும் அளவு பார்த்து, ரீட்டா கழுவி அடுக்கி வைத்திருந்த தயிர் டப்பாக்களில் போட்டேன். 'பெரிசு', 'நடு', 'சிறுசு', 'இது என்னவோ' என்று தமிழில் ஒட்டியும் வைத்தேன். நம் வீடுகளில் எந்தத் தயிர் டப்பாவில்தான் தயிர் இருக்கிறது? நஸ்ரின் வந்து பார்த்தாள். காலிப் பைகளைத் தேடினாள். அவை குப்பை வண்டியில் போய்விட்டன.

"மாமா, த பேக்ஸ் ஹேட் நம்பர்ஸ்" என்றாள். எந்தத் திருகு எந்த இடத்துக்கு என்பது அந்தப் பைகளில்தான் இருந்ததாம்.

பாவம், திட்டவில்லை. டப்பாக்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பிரிக்கிறேன் என்று உன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினாளாம். முதல் நாள் ஷமீமா பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டாவது நாள், "இந்த ரெண்டும் ஒண்ணு இல்லடி, மரை வேற" என்று நின்ற இடத்திலிருந்து சொல்லியிருக்கிறாள். மூன்றாவது நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உன் நாற்காலியில். இரண்டு வாரம் அம்மாவும் மகளும் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான தப்பு அது ஒன்றுதான்.

அந்த இரண்டு வாரத்தில் நஸ்ரின் அந்தத் தாளைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். போன சனிக்கிழமை காலை எங்கள் வாசலில் ஷமீமாவின் வேன் வந்து நின்றது. நாலு தெரு தள்ளி இருக்கிற வீடுதான். ஆனால் நீ போனபிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வருவது அதுவே முதல் தடவை.

"கூட்டிட்டுப் போக வந்தேண்ணே" என்றாள்.

"சொல்லியிருந்தா நானே கொண்டுவந்து விட்டிருப்பேனே தங்கச்சி."

"அவரு இருந்தா அப்படி விட்டிருப்பாரா? வந்துதானே எடுத்திருப்பாரு."

டிரக்கையும் ட்ரெய்லரையும் மறுபடி பிடித்து வந்து வண்டியை ஏற்றினேன். முன்னால் அவள் வேன், நாலு விளக்கும் மின்ன, நடக்கிற வேகத்தில். பின்னால் நானும் ட்ரெய்லரும். தெருவே பார்த்தது மச்சான். உன் வாசலில் மூன்று தடவை முயன்று ரிவர்ஸ் எடுத்தேன். ஆம்புலன்ஸ் நின்ற அதே இடத்தில் உன் வண்டி நின்றது. ஷமீமா அதைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு கராஜ் கதவைத் திறந்துவிட்டாள்.

வேலை தொடங்க வேண்டுமென்றால் முதலில் அந்த ஃபைபர் உடம்பைச் சட்டத்திலிருந்து தூக்கி, மரத் தாங்கியில் வைக்க வேண்டும். மூலைக்கு ஒருவராக நாலு பேர் வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்கட்டுமா என்றேன். "நாலு பேர் இருக்கோமே" என்றாள் ஷமீமா. அவள், நஸ்ரின், ரீட்டா, நான். அன்றைக்கு உன்னைத் தூக்காத நாலு பேரும். நஸ்ரின் மூன்று எண்ணினாள், தூக்கினோம். அது நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. தாங்கியில் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் கையை எடுக்கவில்லை.

அடுத்த மாதம் உன் அக்கா திருச்சியிலிருந்து வருகிறார்கள், உன்னை அடக்கிய கபரைப் பார்க்க. டாக்ஸி வைத்துத் தரட்டுமா என்று யாரோ கேட்டார்கள். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நான் வெளியே காரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். பெட்டிகள் சுற்றும் இடத்திலேயே, உன் ஃபிளாஸ்க்கோடு, விமானம் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிற்பேன். அவர்களுக்குப் பின்னால் வருகிற ஒவ்வொருவருக்காகவும் நிற்பேன். நான் யார் என்று கேட்டால், அந்தத் தாளில் நீ எழுத வைத்ததையே சொல்வேன்.

என்றும் உன்
மச்சான்,
பிரான்சிஸ்